‘ஃபார்மட் அடிச்சிடலாமாண்ணா?’

ஆரணியில் ஒரு பட்டு ஜவுளிக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். மேசைக்குக் கீழே, காலில் இடிபடுகிற இடத்தில் ஒரு பெட்டி நிற்கும். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘சர்வர், ஆஃப் செய்யாதீர்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அது சர்வராகப் பிறந்த மெஷின் அல்ல. பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ரேம் கூட்டி, இன்னொரு ஹார்ட் டிஸ்க் சொருகி, கடையில் இருக்கும் மற்ற மூன்று கம்ப்யூட்டர்களையும் அதோடு கோத்துவிட்டதால் கிடைத்த பதவி உயர்வு.

அந்தப் பெட்டிக்குள்தான் எல்லாமே இருக்கிறது. ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் எனச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தறிக்கு எத்தனை பாவு போயிருக்கிறது, எத்தனை மார்க் ஜரிகை கொடுத்தது, கூலியில் எவ்வளவு பிடித்தம், யாருக்கு எவ்வளவு முன்பணம். டேலி மென்பொருளில் ஜிஎஸ்டி கணக்கு. வெளியூர் கடைக்காரர்கள் தரவேண்டிய பாக்கி. அப்புறம் டிசைன்கள்: வருடக்கணக்காக வரைந்து சேர்த்த முந்தியும் பார்டரும் புட்டாவும்.

ஒருநாள் காலை பட்டனை அமுக்கினால் அது எழாது. முதலாளி இரண்டு முறை அமுக்குவார், மூன்றாவது முறை ஒரு தட்டு தட்டுவார், பிறகு சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிற தம்பிக்கு போன் போடுவார். பத்து நிமிடத்தில் பைக்கில் வந்து இறங்கும் தம்பி, வழக்கமாகச் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. “விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும். ஃபார்மட் அடிச்சு புதுசா போட்டுடலாமாண்ணா?”

தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் கணக்குவழக்குகளை அழித்ததில் வைரஸைவிட, மின்னலைவிட, இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கூலி, மெஷினை ஓட வைப்பதற்கு. உள்ளே இருப்பதைக் காப்பாற்றச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. “சரிப்பா, சீக்கிரம் பண்ணு, வியாபார நேரம்” என்று முதலாளி சொன்ன அந்த நொடிக்குப் பிறகு நடப்பதுதான் உண்மையான சேதம். மெஷின் செத்தபோது டேட்டா பெரும்பாலும் உயிரோடுதான் இருந்தது.

செத்தது எது?

ஒரு கம்ப்யூட்டர் எழாமல் போகப் பல காரணங்கள். பவர் சப்ளை போயிருக்கலாம். மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கலாம். ரேமின் காலில் தூசி ஏறியிருக்கலாம். கோடையில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களில், யுபிஎஸ் பேட்டரியை மாற்றாமலே ஓட்டுகிற கடைகளில், முதலில் அடி வாங்குவது பவர் சப்ளைதான். இந்த எதிலும் ஹார்ட் டிஸ்க்குக்குச் சம்பந்தமில்லை. அது ஒரு தனிப் பொருள். நான்கு திருகைக் கழற்றி, இரண்டு கேபிளை உருவினால் கையோடு வந்துவிடும். இன்னொரு மெஷினில் மாட்டினால் படிக்கும்.

மாட்டுவதில்தான் சூட்சுமம். பழைய டிஸ்க்கைப் புது மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மட்டுமே இணைக்க வேண்டும். அதிலிருந்து மெஷினைத் துவக்கவே கூடாது. துவக்கினால் அதிலுள்ள விண்டோஸ், ‘புது இடத்துக்கு வந்திருக்கிறோம்’ என்று டிரைவர்களைத் தேட ஆரம்பித்து, தற்காலிகக் கோப்புகளை எழுதி, காப்பாற்ற வேண்டிய இடத்தின் மேலேயே கிறுக்கத் தொடங்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேலூரிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று போதும். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் பென் டிரைவ் சொருகுவதுபோல் சொருகிக்கொள்ளலாம். டெஸ்க்டாப்பில் உள்ள மூன்றரை அங்குல டிஸ்க் என்றால் தனி அடாப்டரோடு வரும் கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். யுஎஸ்பி தருகிற மின்சாரத்தில் அது சுற்றாது.

சொருகியதும் திரையில் ஒரு பெட்டி வரலாம். ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?’ விண்டோஸ் அதை ஏதோ உதவி செய்வதுபோல்தான் கேட்கும். அந்த இடத்தில் ‘கேன்சல்’ தவிர வேறு எதையும் தொடக்கூடாது. டிஸ்க் காலியாக இருக்கிறது என்று அதற்குப் பொருளல்ல. டிஸ்க்கில் உள்ள அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் சர்வரின் டிஸ்க்காக இருந்தாலும் இதே கேள்வி வரும். பார்ட்டிஷன் பட்டியலில் சின்ன ஊனம் இருந்தாலும் வரும்.

ஃபார்மட் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். ‘குவிக்’ ஃபார்மட் பட்டியலை மட்டும் கிழிக்கிறது. பக்கங்கள் அப்படியே இருக்கும், தேடி எடுக்க வழி உண்டு. ‘குவிக்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதுகிறது. அதற்குப் பிறகு எந்த ஆய்வகத்துக்கும் வேலையில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது, நம் தம்பி செய்கிற வேலை: சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போடுவது. “டி டிரைவைத் தொடலண்ணா, டேட்டா பத்திரமா இருக்கு” என்பார். டேலி தன் டேட்டாவை, யாரும் மாற்றாவிட்டால், சி டிரைவில்தான் வைக்கும். டெஸ்க்டாப்பில் கிடக்கும் டிசைன் கோப்புகளும் சி டிரைவில்தான். புது விண்டோஸின் பல ஜிபி அவற்றின் மேல்தான் உட்காரும்.

டிஸ்க்கை எழுதாமல் படிக்க மட்டும் செய்ய வேண்டும் என்றால், பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்தான் நல்ல துணை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டுக்கு வந்த கையோடு பலர் அதை அழித்துவிட்டு இடத்தை மிச்சப்படுத்திக்கொண்டார்கள். அந்த மாதிரி ஒரு லினக்ஸில் டிஸ்க்கை ‘படிக்க மட்டும்’ என்ற நிபந்தனையோடு திறந்தால், “அனுமதி இல்லை” என்று விண்டோஸ் தடுக்கிற ஃபோல்டர்களும் தடையில்லாமல் திறக்கும். வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டால், அதுதான் டேலி கம்பெனி. அதை முழுசாக நகலெடுத்து, இன்னொரு மெஷினில் டேலி போட்டு, டேட்டா இருக்கும் இடத்தைக் காட்டினால் கணக்கு திறந்துகொள்ளும். ஒன்றே ஒன்று: பழைய டேலியின் டேட்டாவைப் புது டேலி திறக்கும், புதியதன் டேட்டாவைப் பழையது திறக்காது.

அட்டை மாற்றிய கதை

இந்த வேலையின் தத்துவம் ஆரணித் தறிக்காரர்களுக்குப் புதிதல்ல. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி; அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்தக் கொக்கி மேலே எழும், அந்த இழை தூக்கப்படும். துளை இல்லாத இடத்தில் கொக்கி விலகிவிடும். பெட்டி பழுதானால் அட்டை மாலையைக் கழற்றி அடுத்த தறியில் மாட்டிக்கொள்வார்கள். அதே மாங்காய், அதே அன்னம் அங்கே விழும். ஆனால் 240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டை 120 கொக்கிப் பெட்டியில் ஓடாது. அட்டைகளின் வரிசை குலைந்தால் அன்னத்தின் கழுத்து வாலில் போய் முளைக்கும். சர்வர் டிஸ்க்கை இன்னொரு மெஷினுக்கு மாற்றுவதும் அச்சு அசல் இதுதான்.

உறவு வெறும் உவமையோடு நிற்பதுமில்லை. ஜோசப் மேரி ஜக்கார்டு பிரான்சின் லியோன் நகரில் இந்தக் கருவியை 1804-இல் கொண்டுவந்தார். அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் பிடித்தன. அந்தப் பட்டுப் படம் ஒன்றைக் கணிப்பொறியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் தன் வீட்டில் மாட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். துளையிட்ட அட்டையில் 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணினார் ஹெர்மன் ஹோலரித். அவருடைய கம்பெனி வேறு சிலவற்றோடு 1911-இல் இணைந்து, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஐபிஎம்தான் 1956-இல் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது: 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், அத்தனையும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோ அதில் அடங்காது.

இப்போது ஆரணியிலும் டிசைன் கம்ப்யூட்டரில் வரையப்படுகிறது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்திய தறிகளுக்கு அட்டையே வேண்டாம். பென் டிரைவில் படமாகப் போகிறது. அட்டை சுவரில் தொங்கும்வரை அது தொலைந்தால் எல்லோருக்கும் தெரியும். எலி கடித்தால் கடித்த இடம் தெரியும், அந்த ஓர் அட்டையை மட்டும் அடித்து மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க்கில் ஊனம் விழுந்தால், அந்த டிசைனைத் திறக்கிற நாள்வரை யாருக்கும் தெரியாது.

நம்பர் போட்டுக் கழற்றுங்கள்

அரிசி ஆலை, நர்சிங் ஹோம், கூட்டுறவுக் கடன் சங்கம் போன்ற இடங்களில் இருப்பது நிஜமான சர்வர். முன்பக்கம் வரிசையாக நான்கோ எட்டோ டிஸ்க்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. இங்கே ஒரு டிஸ்க்கை மட்டும் உருவி லேப்டாப்பில் சொருகினால் பெரும்பாலும் ஒன்றும் புரியாது. ரெய்டு முறையில் ஒரே கோப்பைத் துண்டு துண்டாக எல்லா டிஸ்க்கிலும் பிரித்து எழுதியிருப்பார்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகலை எழுதும் ‘ரெய்டு ஒன்று’ வகை என்றால் ஒன்றைக் கொண்டே மீட்டுவிடலாம். ‘ரெய்டு ஐந்து’ என்றால் ஒரு டிஸ்க் போனாலும் மற்றவை சேர்ந்து ஈடுகட்டும். இரண்டாவதும் போனால் கதை முடிந்தது.

சொருகும் வாயும் வேறாக இருக்கும். சர்வர்களில் வரும் சாஸ் வகை டிஸ்க், வீட்டுக் கம்ப்யூட்டரின் சாட்டா வாயில் நுழையாது. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருப்பதால் அழுத்தி நுழைக்கப் பார்த்து முனையை உடைத்தவர்கள் உண்டு.

கழற்றும் முன் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் அது இருந்த அறையின் எண்ணைப் போடுங்கள். பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு, மூன்று. போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே குடும்பத்தைச் சேர்ந்த ரெய்டு கார்டு உள்ள இன்னொரு சர்வரில், அதே வரிசையில் மாட்டினால், கார்டு அந்த டிஸ்க்குகளில் தானே எழுதிவைத்த குறிப்பைப் படித்து, ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன் இருக்கிறது’ என்று சொல்லும். வெளியாள் வந்திருக்கிறார், உள்ளே விடலாமா என்பதுதான் கேள்வி. அங்கே மூன்று சொற்கள் கண்ணில் படும். ‘இம்போர்ட்’ கொடுத்தால் பழைய அமைப்பு எழுந்து நிற்கும். ‘க்ளியர்’ கொடுத்தால் குறிப்பு அழியும். ‘இனிஷியலைஸ்’ கொடுத்தால் டேட்டாவே அழியத் தொடங்கும். டிஸ்க்குகளில் ஏதாவது ஒன்றன் மேல் சந்தேகம் இருந்தாலும் ‘இம்போர்ட்’ கொடுக்கும் முன் எல்லாவற்றையும் தனித்தனியே நகலெடுத்துவிடுவது உத்தமம்.

ரெய்டில் அடிக்கடி நடக்கிற ஒரு விபத்தை விரித்துச் சொல்ல வேண்டும். நான்கு டிஸ்க்கில் ஒன்று சித்திரையில் செத்துவிட்டது. விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. சர்வர் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஐப்பசியில் இரண்டாவது செத்தது, சர்வர் நின்றது. இப்போது வருகிறவர் செத்த இரண்டையும் கழற்றி மாட்டிப் பார்க்கிறார். சித்திரையில் செத்த டிஸ்க் என்ன அதிசயமோ உயிர் பெற்றுவிடுகிறது. சந்தோஷத்தில் அதை வலுக்கட்டாயமாக உள்ளே சேர்த்து மறுகட்டுமானம் செய்யச் சொல்கிறார். அந்த டிஸ்க்கில் இருப்பது ஆறு மாதத்துக்கு முந்தைய கணக்கு. புதிய துண்டுகளோடு பழைய துண்டுகள் கலந்து, கோப்புகள் கெட்டுப்போகும். எழுப்ப முயல வேண்டியது கடைசியாகச் செத்ததை. முதலில் செத்ததை அல்ல. எது முதலில் செத்தது என்பதை ரெய்டு கார்டின் பதிவேடு தேதியோடு சொல்லும். அதைப் பார்க்கிற பொறுமைதான் அந்த நேரத்தில் யாருக்கும் இருப்பதில்லை.

டிஸ்க்கே நோயாளி என்றால்

காதை அருகில் வைத்துக் கேளுங்கள். சீரான ‘ங்ங்’ ஒலி என்றால் நல்லது. ‘டக்… டக்… டக்’ என்று தாளம் போட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகின்றன; படிக்கும் தலை அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அந்த இடைவெளியில் ஊனப்பட்ட தலை சுற்றச் சுற்றத் தட்டைச் சுரண்டும். இன்னொரு முறை ஆன் செய்து பார்ப்போமே என்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டேட்டா தூளாகப் போகிறது.

சத்தம் இல்லை, ஆனால் ஃபோல்டர் திறக்கப் பத்து நிமிடம் ஆகிறது, நகல் பாதியில் நிற்கிறது என்றால் அது நடுத்தர நோய். இங்கேதான் பலரும் விண்டோஸின் ‘செக் டிஸ்க்’ ஓட்டுகிறார்கள். அது கோப்பு அமைப்பைச் சீர்செய்யும் கருவி. தனக்குப் புரியாததை வெட்டி எறிந்துவிடும். நோயாளி டிஸ்க்கில் அதை ஓட்டக்கூடாது.

செய்ய வேண்டியது, முதலில் முழு டிஸ்க்கையும் பிட் பிட்டாக இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுப்பது. இதற்கென்றே அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதிய ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண நகல் கட்டளை பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இது பழுதைக் கண்டதும் குறித்துவைத்துக்கொண்டு தாண்டிப் போகும். நல்ல பகுதி முழுவதையும் முதலில் அள்ளிவிடும். அதன் பிறகுதான் விட்டுவந்த இடங்களின் ஓரங்களைச் செதுக்கும். கடைசியாக, மிஞ்சியதை ஒவ்வொரு செக்டராகச் சுரண்டிப் பார்க்கும். டிஸ்க் நடுவில் செத்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். எதுவரை எடுத்தோம் என்பதைத் தனிக் கோப்பில் வரைபடமாக எழுதிக்கொண்டே போவதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதைவிட ஊருக்குப் பொருத்தமான வசதி வேறென்ன வேண்டும்?

ஆரோக்கியமான 1 டிபி டிஸ்க் என்றால் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நோயாளிக்கு நாள்கணக்கில் ஆகலாம். ஃபேன் ஒன்றை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நகல் முடிந்ததும் அசலைப் பத்திரப்படுத்திவிட்டு, பரிசோதனை எல்லாவற்றையும் நகலின் மேல் செய்யலாம். தொலைந்த பார்ட்டிஷனைத் தேட ‘டெஸ்ட்டிஸ்க்’, பட்டியலே இல்லாமல் படங்களையும் ஆவணங்களையும் தோண்டி எடுக்க ‘ஃபோட்டோரெக்’. இரண்டும் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியவை, இரண்டும் இலவசம். ஃபோட்டோரெக் எடுத்துக் கொடுப்பவற்றுக்குப் பழைய பெயர் இருக்காது. ஆயிரக்கணக்கான டிசைன் படங்கள் வெறும் எண்களோடு வந்து கொட்டும். வரைந்தவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும்.

கைவைத்தியங்கள் சில நம்மிடையே உலவுகின்றன. ஃப்ரீசரில் வைத்தால் டிஸ்க் எழும் என்பது ஒன்று. வெளியே எடுத்ததும் உள்ளே பனிநீர் கோக்கும். இன்றைய டிஸ்க்குக்கு அது எமன். நனைந்த டிஸ்க்கை அரிசி மூட்டையில் புதைப்பது இன்னொன்று. ஆரணியில் அரிசிக்குப் பஞ்சமில்லை என்றாலும் அதைச் சோறாக்குவதே நல்லது. சாதாரண டிஸ்க்கில் காற்றுப் போய்வர ஒரு சின்னத் துளை உண்டு. தவிட்டுத் தூசி அதில் போய் அடைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, அதே மாடல் டிஸ்க் ஒன்றை வாங்கி அடியிலுள்ள பச்சைப் பலகையை மாற்றிப் போடுவது. இருபது வருடத்துக்கு முன் இது பலித்தது. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான அளவீடுகள் பலகையில் உள்ள சிறிய ரோம் சில்லில் பதிந்திருக்கும். அந்தச் சில்லையும் கழற்றிப் புதுப் பலகைக்கு மாற்றி ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தால் பலிக்கும். பலகையை மட்டும் மாற்றினால் பலிக்காது.

விண்ணிலிருந்து விழுந்த டிஸ்க்

‘எரிந்துபோச்சு, இனி என்ன இருக்கப்போகிறது’ என்று டிஸ்க்கைத் தூக்கி எறிய நினைப்பவர்கள் கொலம்பியா விண்கலத்தை நினைத்துக்கொள்ளலாம். கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேரோடு 2003 பிப்ரவரி 1 அன்று டெக்ஸாஸ் வானில் அது சிதறியது. சுமார் ஆறு மாதம் கழித்து, வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் ஒரு ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. செனான் வாயுவின் பிசுபிசுப்பை எடையற்ற நிலையில் அளந்த ஓர் ஆய்வின் பதிவுகள் அதில் இருந்தன. சீகேட் கம்பெனியின் சுமார் 400 எம்பி டிஸ்க். வெளியே பார்த்தால் கருகிய உலோகக் கட்டி.

க்ரோல் ஆன்ட்ராக் என்ற டேட்டா மீட்பு நிறுவனத்தின் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ் கையில் அது வந்தது. சுற்றும் தட்டுகள் வளையாமல் இருந்தன. அவற்றைக் கழுவிச் சுத்தம் செய்து, இன்னொரு டிஸ்க்கின் உடலுக்குள் பொருத்திச் சுற்றவிட்டார். டேட்டாவில் 99 சதவீதம் வந்தது. அதில் அதிர்ஷ்டமும் உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் ஓடியது பழைய டாஸில். டாஸ் கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறடிக்காமல் அடுத்தடுத்து எழுதும். டிஸ்க்கில் பாதிதான் நிரம்பியிருந்தது. தட்டில் குழி விழுந்த இடங்கள் எழுதாத பக்கமாக அமைந்துவிட்டன. ஆய்வின் முடிவுகள் 2008-இல் இயற்பியல் இதழ் ஒன்றில் வெளியாகின. கொலம்பியாவின் வேறு டிஸ்க்குகளும் அவரிடம் வந்தன. அவற்றில் ஒன்றும் தேறவில்லை.

அங்கே நெருப்பு, நமக்கு வழக்கமான எதிரி தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அடையாற்றை ஒட்டிய ஈக்காட்டுத்தாங்கல் பகுதித் தொழிற்கூடங்கள் மூழ்கின. தரைத்தளத்து மேசைகளுக்குக் கீழே இருந்த ‘சர்வர்’கள் நாள்கணக்கில் சேற்றில் ஊறின. நனைந்த டிஸ்க் விஷயத்தில் மீட்பு ஆய்வகங்கள் சொல்வது நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது: காயவைக்காதீர்கள். சேறு காய்ந்தால் உப்பும் மண்ணும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, சீக்கிரம் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வெயிலில் வைப்பதோ, ஹேர் டிரையர் அடிப்பதோ, காய்ந்துவிட்டதென்று நம்பி ஆன் செய்வதோ கூடவே கூடாது.

ஆய்வகத்தில் கொடுப்பதென்றால் சில விஷயங்களைக் கறாராகக் கேட்க வேண்டும். டிஸ்க்கைத் தூசியற்ற அறையில்தான் திறப்பீர்களா? வருவது எந்தெந்தக் கோப்பு என்று பணம் கட்டும் முன்பே பட்டியல் காட்டுவீர்களா? டேட்டா வராவிட்டால் கட்டணம் உண்டா? அப்புறம், நெசவாளர்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. வேலை முடிந்ததும் ஆய்வகத்திடமுள்ள நகலை அழிப்பதாக எழுதி வாங்குவது நல்லது.

புதுசு புதுசாகச் சிக்கல்

இவ்வளவும் சுற்றும் டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டி வந்தபிறகு பாதி வித்தை செல்லுபடியாவதில்லை. சத்தம் போட்டு எச்சரிக்காது. ஒரு நிமிடம் இருக்கும், மறு நிமிடம் இருக்காது. அழித்த கோப்பின் இடத்தை ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு பின்னணியில் துடைத்துக்கொண்டே இருப்பதால், தவறி அழித்ததை மீட்பது அநேகமாக நடக்காத காரியம்.

மதர்போர்டு மட்டும் செத்த மெஷினிலும் இப்போது ஒரு பூட்டு தொங்குகிறது. புது விண்டோஸ் மெஷின்கள் பலவற்றில் பிட்லாக்கர் தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவைக்கிறது. சாவியைக் காக்கும் சில்லு மதர்போர்டில் இருக்கிறது. டிஸ்க்கை இன்னொரு மெஷினில் சொருகினால் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். முதன்முதலில் மெஷினைத் துவக்கியபோது யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தார்களோ, அந்தக் கணக்கில் அது பத்திரமாக இருக்கும். கடைகளில் அது பெரும்பாலும் வேலையை விட்டுப் போன பழைய கணக்கருடைய கணக்கு. அந்த 48 இலக்க எண்ணை இன்றே எடுத்து, பத்திரங்கள் வைக்கும் பீரோவில் ஒரு தாளில் எழுதி வைத்துவிடலாம்.

பேக்கப் எடுங்கள் என்ற உபதேசத்தை எல்லோரும் கேட்டாகிவிட்டது. உபதேசம் செய்யும் இடத்தில் இருப்பவர்களே எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். இலங்கை அரசின் கிளவுட் மீது 2023 ஆகஸ்டில் ரான்சம்வேர் தாக்கியபோது, அமைச்சரவை அலுவலகம் உள்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17-இலிருந்து ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயின. அந்த மாதங்களுக்குத் தனி நகல் இல்லை. தென்கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசு டேட்டா சென்டரில் தீ. பற்றியது யுபிஎஸ் பேட்டரி. அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்த ‘ஜி-டிரைவ்’ அதில் எரிந்தது: 858 டிபி. அளவு மிகப் பெரியது என்பதால் பேக்கப் வைக்கவில்லை என்று விளக்கம் வந்தது. இந்த இரண்டையும் பார்த்தபிறகு ஆரணிக் கடைக்காரரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எப்போதும் சர்வரின் பின்னாலேயே சொருகிக் கிடக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை பேக்கப் என்று சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்து போகும். ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும்.

சரி, எதுவுமே வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கைக் காட்டியாக வேண்டும். டிஸ்க் செத்தது என்பது அங்கே எடுபடாது. அப்போதும் கணக்கு பல மெஷின்களில் சிதறி உயிரோடு இருக்கிறது. தாக்கல் செய்த விற்பனை விவரம் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கிறது. வாங்கிய சரக்கின் விவரத்தை, விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து அதே போர்ட்டல் மாதாமாதம் தொகுத்து வைக்கிறது. வங்கி அறிக்கை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில்கள் அவர்கள் போனில் இருக்கின்றன. ஆடிட்டரின் கம்ப்யூட்டரில் போன மார்ச் வரையிலான டேலி டேட்டா இருக்கும். நெசவாளர் கையில் உள்ள நோட்டில் பாவு வாங்கிய தேதியும், சேலை கொடுத்த தேதியும், கூலியும் முன்பணமும் வரிசையாக இருக்கின்றன. அதை வைத்துத் தறிக் கணக்கைத் திரும்பக் கட்டிவிடலாம். அதில் ஓரிரு வரிகளில் வாக்குவாதம் வரலாம், அது வேறு.

டிசைனுக்குத்தான் இப்படி மாற்றுவழி இல்லை. நெய்து விற்ற சேலை யாரிடமாவது இருந்தால், அதை விரித்து வைத்து, லென்ஸில் இழை எண்ணி, முதலிலிருந்து வரைய வேண்டும். ஆகவே செலவழிக்க முடிவது ஒரே ஒரு பேக்கப்புக்குத்தான் என்றால், டேலிக்கு முன்னால் டிசைன் ஃபோல்டரை எடுத்து வையுங்கள்.